காப்பி காலை உணவு ஆகாது

திருப்பூர் வட்டாரத்தில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களின் பேச்சில் ‘கேஸ் டிரபிள்’, ‘அல்சர்’ என்ற இரண்டு சொற்கள் சகஜமாகப் புழங்குகின்றன. நெஞ்சு கரிப்பு, புளித்த ஏப்பம், மேல்வயிற்று எரிச்சல் எல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். மருந்துக்கடையில் மாத்திரையோடு சேர்த்துக் கிடைக்கும் அறிவுரை, காப்பியைக் குறையுங்கள் என்பது. அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை, காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய இட்லித் தட்டு ஏன் இல்லை என்ற கேள்வியில்தான் தேட வேண்டும்.

காப்பி வயிற்றுக்குள் சும்மா கிடப்பதில்லை. காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைத் தூண்டி அமிலச் சுரப்பைக் கூட்டுகிறது. கஃபீன் நீக்கிய காப்பியும் அமிலத்தைக் கூட்டும் என்பது 1970-களிலேயே தெரிந்துவிட்டது. எனவே பழியைக் கஃபீன் மீது மட்டும் போட முடியாது. பெருங்குடலையும் காப்பி எழுப்பிவிடுகிறது. 1990-இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில், கேட்கப்பட்ட 99 பேரில் 29 விழுக்காட்டினர் காப்பி குடித்ததும் மலம் கழிக்கும் உணர்வு வருவதாகச் சொன்னார்கள். அவ்வகையினரைச் சோதித்தபோது, குடித்த நான்கே நிமிடங்களில் பெருங்குடலின் அசைவு கூடியிருந்தது. வீட்டிலேயே கழிப்பறை உள்ளவருக்கு இது காலை வழக்கத்துக்கு உதவி. லைன் வீட்டில் பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நின்று, கம்பெனி வேன் வருவதற்குள் கிளம்ப வேண்டியவருக்கு அதே உணர்வு ஒரு நெருக்கடி. அதை அடக்கிக்கொண்டு தையல் இயந்திரத்தின் முன் உட்காருவதால் வரும் வயிற்று உப்புசத்துக்கும் மலச்சிக்கலுக்கும் காப்பியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

அப்படியானால் அமிலம் கூடிப் புண் வரத்தானே செய்யும் என்று கேட்கலாம். சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. 2013-இல் ஜப்பானில் நலமுள்ள 8,013 பேரின் பரிசோதனை முடிவுகளை ஆராய்ந்தபோது, காப்பி குடிப்பதற்கும் இரைப்பைப் புண், முன்சிறுகுடல் புண் ஆகியவற்றுக்கும் தொடர்பு தென்படவில்லை. வயிற்றுப் புண்ணின் முதன்மைக் காரணங்கள் இரண்டு. ஒன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா; அதை வெளிப்படுத்தியதற்காகவே ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மற்றொன்று டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள். நாள் முழுக்கக் குனிந்து தைக்கும் டெய்லருக்கும், நின்றபடியே அயர்ன் செய்பவருக்கும் இடுப்பும் தோளும் வலிக்கும். அதற்காகக் கடையில் வாங்கி வெறும் வயிற்றில் விழுங்கும் மாத்திரையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, காப்பியைப் பற்றி மட்டும் கேட்கிறார்கள் என்பதே என் முதல் கவலை. மலம் கறுத்துப் போனாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போக வேண்டும். காப்பியை நிறுத்திப் பார்ப்போம் என்று காத்திருப்பது ஆபத்து.

காப்பியை விட்டதும் எரிச்சல் நின்றது என்று பலர் சொல்வது பொய்யல்ல. புண்ணும் நெஞ்சு கரிப்பும் வேறு வேறு. அமெரிக்காவில் 48,000-க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளியான ஆய்வில், நாளுக்கு ஆறு கோப்பைக்கு மேல் காப்பி குடித்தவர்களுக்கு அமிலம் மேலேறும் தொல்லை, குடிக்காதவர்களைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகமாக இருந்தது. தேநீரிலும் சோடா பானங்களிலும் கிட்டத்தட்ட இதே நிலைதான். ஆகவே காப்பியை விட்டு டீக்கு மாறுவது பெரிய விடுதலை ஆகாது. இரண்டு கோப்பைகளுக்குப் பதில் தண்ணீர் குடித்தால் தொல்லை குறையும் என்று அதே ஆய்வு காட்டியது. நம் காப்பியில் பாலும் இருக்கிறது. பால் வயிற்றுக்கு இதம் என்ற நம்பிக்கை பழையது. ஆனால் பாலின் புரதமும் கால்சியமும் அமிலத்தைத் தூண்டக்கூடியவை. பாலின் சர்க்கரையைச் செரிக்க முடியாதவர்கள் தென்னிந்தியாவில் நிறைய. காப்பித்தூளில் கலக்கும் சிக்கரியின் இனுலின் நார்ச்சத்து சிலருக்கு வாயுவை உண்டாக்கும். ‘கேஸ்’ என்று சொல்லி அமில மாத்திரை போட்டுக்கொள்ளும் சிலருக்கு உண்மையில் வேண்டியது பால் குறைந்த காப்பியாக இருக்கலாம்.

இவ்வளவுக்கும் மேலே நிற்பது திருப்பூரின் வேலை நாள். காலை எட்டரைக்குத் தொடங்கி ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் பன்னிரண்டு மணி நேரம். விடியலில் எழுந்து மதியச் சோறு கட்டி, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டுப் புறப்படும் பெண், சர்க்கரை போட்ட ஒரு டம்ளர் காப்பியோடு வந்துவிடுகிறாள். அது பசியை மந்தமாக்கும்; ஆனால் வயிற்றில் ஊறும் அமிலத்துக்கு வேலை தர உணவு இல்லை. பீஸ் ரேட்டில் எழுந்து போகும் நிமிடமெல்லாம் கூலி இழப்பு என்பதால் தண்ணீரும் குறைகிறது. இரவு தாமதமாக வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுத்தால் அமிலம் மேலேறும். அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை உணவு தேவை என்று 2022-இல் தமிழக அரசு உணர்ந்தது. அந்தக் குழந்தையின் தாய் மட்டும் காப்பியில் காலத்தை ஓட்டலாமா?

சாப்பிடாமல் வருவது அவர்கள் விருப்பம், கம்பெனி என்ன செய்யும் என்பது முதலாளிகள் பக்கத்து வாதம். ஆனால் பசியில் தைப்பவரின் இழப்பு அவரோடு நிற்பதில்லை; சோர்வு வேலையையும் பாதிக்கும். அந்தச் சோர்வுக்கு இரத்தசோகையும் ஒரு காரணம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. உணவோடு சேர்த்துக் குடிக்கும் காப்பி இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைக் கணிசமாகக் குறைக்கும். அதனால்தான் உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காப்பி வேண்டாம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் வழிகாட்டுதல். வயிற்றுக்கும் இரத்தத்துக்கும் சேர்த்துப் பொருந்தும் நேரம் ஒன்றுதான்: வேலைக்கு முன் டிபன், பதினொரு மணி இடைவேளையில் காப்பி. 250 பேருக்கு மேல் உள்ள தொழிற்சாலையில் கேன்டீன் வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். 2020-இல் நிறைவேறிய தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதை 100 ஆகக் குறைத்தது. பவர் டேபிள் எனப்படும் சிறு தையல் யூனிட்டுகளும் செக்கிங் கொட்டகைகளும் பெரும்பாலும் அந்த எண்ணிக்கையை எட்டுவதே இல்லை. ஒரு தெருவில் உள்ள நாலைந்து யூனிட்டுகள் சேர்ந்து எட்டு மணிக்கு இட்லியும் குடிதண்ணீரும் வைக்கச் எந்தச் சட்டமும் தடையில்லை. ஒரு ரூபாய் இட்லி தரும் அம்மா உணவகங்களை அந்தத் தெருக்களுக்குப் பக்கத்தில் திறக்க மாநகராட்சிக்கும் தடையில்லை.