பவளத் தொட்டி விளக்குக்கு ஒரு வரவுசெலவுக் கணக்கு

3 வாட் பச்சை ஒளி, 60 வாட் நீல ஒளியைவிடக் கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரியும். கடல் பவளத் தொட்டிக்கு எல்.இ.டி. விளக்கு வாங்கி, மணலில் சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கோடுகள் ஓடுவதைப் பார்த்து எரிச்சலடைந்தவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய எண் இது.

மனிதக் கண்ணுக்கு 555 நானோமீட்டர் ஒளிதான் மிகவும் பிடித்தது. அந்த நிறத்தில் ஒரு வாட் ஒளி 683 லூமென். அதே ஒரு வாட் 530 நானோமீட்டர் பச்சையாக வந்தால் 589 லூமென், 630 நானோமீட்டர் சிவப்பாக வந்தால் 181, பவளத் தொட்டிகளின் உயிர்நாடியான 450 நானோமீட்டர் ராயல் புளூவாக வந்தால் வெறும் 26. ஆக, 60 வாட் ராயல் புளூ ஒளிக்குக் கண் போடும் மதிப்பெண் சுமார் 1,560 லூமென். 3 வாட் பச்சைக்கு 1,767. விளக்குக்குள் நாலைந்து பச்சை சில்லு மட்டும் இருக்கும். கண்ணில் உறுத்துவது அதுவாகத்தான் இருக்கும்.

பவளத்தின் கணக்கே வேறு. அதன் திசுவில் குடியிருக்கும் பாசிக்கு லூமென் தெரியாது, ஒளித்துகளின் எண்ணிக்கைதான் தெரியும். அதைத்தான் பிஏஆர் என்ற அளவால் சொல்கிறோம்: ஒரு சதுர மீட்டரில் ஒரு வினாடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள் விழுகிறது என்பது. மென்பவளங்களுக்கு 50 முதல் 150 வரை போதும். அக்ரோபோரா போன்ற கிளைப் பவளங்களுக்கு 250 முதல் 350 வரை கொடுப்பது பொழுதுபோக்காளர்களின் வழக்கம். உச்சி வெயிலில் கடல் மேற்பரப்பில் இது ஏறத்தாழ 2,000.

இனி ஒரு மாதிரித் தொட்டியை எடுத்துக்கொள்வோம். 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், மணலுக்கு மேல் 40 செ.மீ. நீர். 288 லிட்டர். விளக்கு நீர்மட்டத்துக்கு மேல் 25 செ.மீ. உயரத்தில் தொங்குகிறது. தொட்டி இருப்பது சிங்கப்பூரில் ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் வரவேற்பறை. தமிழ்நாட்டில் வைக்காததற்குக் காரணம் உண்டு. கல் பவளங்கள் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் இருந்து ஒரு துண்டை எடுத்து வந்தாலும் அது குற்றம். சிங்கப்பூரில் கல் பவளம் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பின்படி அனுமதிச் சீட்டோடு வரும் வணிகப் பொருள். மின்சாரம் யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்துக்கொள்கிறேன். காலாண்டுக்கொரு முறை கட்டணம் மாறும் என்பதால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

தொட்டியின் பரப்பு 0.72 சதுர மீட்டர். சராசரி 200 மைக்ரோமோல் வேண்டுமென்றால் வினாடிக்கு 144 மைக்ரோமோல் நீருக்குள் போய்ச் சேர வேண்டும். 450 நானோமீட்டரில் ஒரு வாட் ஒளி 3.76 மைக்ரோமோல் தரும் என்பது இயற்பியல் வகுத்த எல்லை. ஆகவே 38 வாட் சுத்தமான ஒளி. சில்லு மின்சாரத்தில் பாதியைத்தான் ஒளியாக்கும் என்றால் 77 வாட். சில்லுக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் பத்தில் ஒரு பங்கைத் தின்னும்: 85. கண்ணாடிக்கு வெளியே சிதறுவதும் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்புவதுமாகப் பாதி போய்விடும் என்று தாராளமாகவே வைத்தால், 170 வாட். நாள் ஒன்றுக்கு 8 மணி நேரம் எரிந்தால் வருடத்துக்கு 496 யூனிட், 149 சிங்கப்பூர் வெள்ளி. இதுதான் அடிப்படைச் செலவு. நிறத்தைக் கலக்கவும் மினுமினுப்பைக் குறைக்கவும் செய்கிற ஒவ்வொன்றும் இதன் மேல் எவ்வளவு ஏற்றுகிறது என்பதே மீதிக் கணக்கு.

மினுமினுப்பு எப்படி வருகிறது? நீரின் மேல் எழும் ஒவ்வொரு சிற்றலையும் ஒரு லென்ஸ். அதன் மேட்டில் விழும் ஒளியைக் கீழே ஒரு கோடாகக் குவிக்கிறது. ஒளிமூலம் சிறியதாக இருந்தால் கோடு கூர்மையாக விழும், பெரியதாக இருந்தால் மங்கும். இதற்கு ஒரே ஒரு வாய்ப்பாடு போதும்: ஒளிமூலத்தின் அகலத்தை நீரின் ஆழத்தால் பெருக்கி, விளக்கின் உயரத்தாலும் நீரின் ஒளிவிலகல் எண்ணான 1.34-ஆலும் வகுக்க வேண்டும். நம் தொட்டியில் இந்தப் பெருக்கி 1.19. அதாவது ஒளிமூலம் 10 மி.மீ. என்றால் மணலில் கோட்டின் விளிம்பு 12 மி.மீ. அளவுக்குக் கரையும்.

இதே வாய்ப்பாடு இரண்டு நிறச் சில்லுகளுக்கு இடையிலான தூரத்துக்கும் பொருந்தும். சிவப்புச் சில்லும் நீலச் சில்லும் 40 மி.மீ. தள்ளித் தள்ளி இருந்தால், ஒரே அலை அவற்றின் கோடுகளை மணலில் 48 மி.மீ. தள்ளி வரையும். டிஸ்கோ விளக்கு என்று கேலி செய்கிறோமே, அந்த ஆட்டம் பிறப்பது இந்த 48 மில்லிமீட்டரில்தான். தண்ணீர் நிறத்தைப் பிரித்து வானவில் காட்டுகிறது என்று சிலர் சொல்வார்கள். நீலத்துக்கும் சிவப்புக்கும் நீரின் ஒளிவிலகல் எண்ணில் உள்ள வித்தியாசம் சுமார் 0.01. 45 பாகை சாய்ந்து விழும் கதிரில்கூட 40 செ.மீ. ஆழத்தில் அது 3 மில்லிமீட்டரைத் தாண்டாது. பழி தண்ணீர் மேல் இல்லை, சில்லுகளை அடுக்கிய விதத்தின் மேல்.

வெவ்வேறு ஒளிமூலங்கள் நம் தொட்டி மணலில் தரும் கரைவு, மில்லிமீட்டரில்:

லென்ஸ் இல்லாத 1 மி.மீ. சில்லு: 1.2
சூரியன்: 2.8
8 மி.மீ. விட்டமுள்ள நெருக்கச் சில்லுக் கூட்டம்: 9.6
20 மி.மீ. லென்ஸ், முழுதும் ஒளிர்வதாக வைத்தால்: 24
30 செ.மீ. சதுர டிஃப்யூசர் (ஒளியைப் பரப்பும் ஷீட்): 358
54 வாட் டி5 குழல்விளக்கு, நீளவாக்கில்: 1,370

சூரியன் வானில் அரைப் பாகை அகலம்தான் தெரிகிறது. ஆகவே ஆழம் குறைந்த பவளத்திட்டின் மேல் பகல் முழுதும் கூர்மையான ஒளிக்கோடுகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு கணம் விழும் ஒளி சராசரியைவிடப் பல மடங்கு போகும். பவளம் இதற்குப் பழகியது. மினுமினுப்பைக் குறைப்பது பவளத்துக்காக அல்ல, சோபாவில் உட்கார்ந்து பார்க்கிற நமக்காக. இதை ஒப்புக்கொண்டுவிட்டால் எவ்வளவு செலவு செய்யலாம் என்பதில் நிதானம் வரும்.

விளக்கை உயர்த்துங்கள் என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்லும் யோசனை. 25 செ.மீ. உயரத்தை 50 ஆக்கினால் பெருக்கி 1.19-லிருந்து 0.6 ஆகும். 48 மி.மீ. நிற இடைவெளி 24 ஆகச் சுருங்கும். நல்லதுதான். ஆனால் அதே கணக்கில் 20 மி.மீ. லென்ஸின் கரைவும் 24-லிருந்து 12 ஆகிவிடுகிறது. நிறங்கள் ஒன்று சேரும், கோடுகளோ இன்னும் கூர்மையாகும். இதோடு ஒளிச் சேதமும் இருக்கிறது. ஒற்றை விளக்கு, குறுகிய ஒளிவாய் என்றால் மணலில் விழும் வெளிச்சம் முன்பிருந்ததில் 47 சதவீதம். அதை ஈடுகட்ட 170 வாட்டை 360 ஆக்க வேண்டும். வருடத்துக்கு 555 யூனிட் கூடுதல், 166 வெள்ளி. இரண்டு விளக்குகளின் ஒளி ஒன்றன் மேல் ஒன்று விழும் தொட்டியிலும், பக்கக் கண்ணாடிகள் ஒளியை உள்ளேயே திருப்பும் தொட்டியிலும் சேதம் இந்த அளவுக்கு இருக்காது. இருந்தாலும் மினுமினுப்பைக் குறைக்க வேண்டும் என்பவர் உயர்த்துவதற்குப் பணம் கொடுப்பது, தலைவலிக்குக் காலில் தைலம் தேய்ப்பது போலத்தான்.

காசே செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. பலரும் அதைத் தொடுவதே இல்லை. 5 செ.மீ. நீளமுள்ள சிற்றலை, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 3 மி.மீ. வித்தியாசம் என்று வையுங்கள். 25 செ.மீ. உயரத்து விளக்கின் ஒளியை அது நீர்ப்பரப்புக்குக் கீழே 33 செ.மீ. ஆழத்தில் குவிக்கும். பவளங்கள் உட்காரும் இடமே அதுதான். அலையின் உயரத்தைப் பாதியாக, 1.5 மி.மீ. ஆகக் குறைத்தால் குவிமையம் எங்கோ முடிவிலிக்கு ஓடிப்போகும். தொட்டிக்குள் கோடே விழாது, மெல்லிய ஏற்ற இறக்கம் மட்டும் மிஞ்சும். அலை எழுப்பும் வேவ்மேக்கரின் முகத்தை மேற்பரப்பிலிருந்து ஒரு விரல்கடை கீழே திருப்புவதில் இது நடக்கும். விளக்கு 50 செ.மீ. உயரத்தில் இருந்தால் உயரம் பாதியான இதே அலை 66 செ.மீ. ஆழத்தில் குவிக்கும், அதாவது தொட்டிக்குள் குவியத் தொடங்கிவிட்ட ஒளியைப் பார்ப்போம். தாழ்ந்த விளக்குக்கு இப்படி ஒரு லாபம் இருக்கிறது. ஆனால் மேற்பரப்பு அசையாமல் போனால் காற்றும் நீரும் கொடுக்கல் வாங்கல் நடத்தாது, இரவில் பிஎச் இறங்கும். நீர் வழிந்து கீழே உள்ள சம்ப்புத் தொட்டிக்குப் போகும் ஓட்டம் நன்றாக இருந்தால் மட்டுமே இதைத் தாராளமாகச் செய்யலாம்.

அடுத்த மலிவான வழி நிறத்தின் பொத்தான். முதலில் சொன்ன 3 வாட் பச்சையை 1 வாட்டாகக் குறைத்தால் பச்சைக் கோட்டின் பளிச்சிடல் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். பவளம் இழப்பது? 60 வாட் நீலமும் 3 வாட் பச்சையும் சேர்ந்து தரும் 239 மைக்ரோமோலில் 9, அதாவது 4 சதவீதத்துக்கும் கீழே. சிவப்பும் இப்படித்தான். சுத்தமான நீரில் 10 மீட்டர் ஆழம் போகும்போது 660 நானோமீட்டர் சிவப்பில் 2 சதவீதம்கூட மிஞ்சாது, 450 நானோமீட்டர் நீலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் மிஞ்சும். ஆழத்துப் பவளம் சிவப்பைக் கேட்டதே இல்லை. மீனின் சிவப்பு சிவப்பாகத் தெரிய வேண்டும் என்று கேட்பது நாம்தான்.

அந்த ஆசைக்கும் வழி உண்டு. தனிச் சிவப்பு, தனிப் பச்சைக்குப் பதில் வெள்ளைச் சில்லு. வெள்ளை எல்.இ.டி. என்பது ஒரு நீலச் சில்லின் மேல் பூசிய பாஸ்பர். அதில் பச்சையும் சிவப்பும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்புகின்றன. இடைவெளி பூஜ்ஜியம், 1.19-ஆல் பெருக்கினாலும் பூஜ்ஜியம். வெள்ளைக்கும் நீலத்துக்கும் இடையே இன்னும் கோடு பிரியும். ஆனால் சிவப்பு-பச்சைக் கோடு போலக் கண்ணைக் குத்தாது. விளக்கு வாங்கும்போது எத்தனை நிறம் என்று அட்டைப்பெட்டியில் எண்ணிப் பார்ப்பதைவிட, நிறங்கள் எவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்திருக்கின்றன என்று அளந்து பார்ப்பது நல்லது. 8 மி.மீ. வட்டத்துக்குள் எல்லா நிறமும் இருந்தால் மணலில் பிரிவு 10 மி.மீ.க்குள் அடங்கும்.

டிஃப்யூசருக்கு வருவோம். எல்.இ.டி. விளக்கில் நிறம், மினுமினுப்பு இரண்டையும் ஒரே அடியில் அடக்குவது இது ஒன்றுதான். தெளிந்த 3 மி.மீ. அக்ரிலிக் ஷீட் 92 சதவீத ஒளியை விடும். மீதி 8 இரண்டு பரப்புகளிலும் எதிரொளித்துப் போகும். பனிப்பூச்சு ஷீட் இதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தின்னும். பால்வெள்ளை ஷீட் நிறைய விழுங்கும், அதை வாங்காதீர்கள். எவ்வளவு என்பதை விற்பவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஒரு சாதாரண லக்ஸ் மீட்டர் நீல ஒளியைத் தவறாகத்தான் காட்டும். இருந்தாலும் ஒரே விளக்கை ஷீட்டோடும் ஷீட் இல்லாமலும் அளந்தால் விகிதம் சரியாக வரும். 12,000 இருந்தது 10,200 ஆனால் 85 சதவீதம். அந்த 15 சதவீத இழப்பை ஈடுகட்ட 170 வாட்டை 200 ஆக்க வேண்டும்: வருடத்துக்கு 88 யூனிட், 26 வெள்ளி. விளக்கின் அளவுக்கு வெட்டிய இரண்டு துண்டுக்கு 30 வெள்ளி என்று போட்டால் முதல் ஆண்டில் 56. உயர்த்துவதற்கு ஆகும் 166 வெள்ளியோடு இதை வைத்துப் பாருங்கள்.

ஆனால் ஷீட்டை எங்கே வைக்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. பலர் சில்லுகளுக்கு ஒட்டியே மாட்டிவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்பார்கள். 60 பாகை லென்ஸ் 40 மி.மீ. தூரத்தில் 46 மி.மீ. வட்டத்தை வரையும். சில்லுகள் 40 மி.மீ. இடைவெளியில் இருந்தால் அந்த வட்டங்கள் பக்கத்து வட்டத்தை உரசுவதோடு சரி. ஷீட்டில் சிவப்புப் பொட்டும் நீலப் பொட்டும் தனித்தனியே ஒளிரும். 80 மி.மீ.க்குத் தள்ளினால் வட்டம் 92 மி.மீ.; அப்போதுதான் அக்கம்பக்கத்து நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். லென்ஸைக் கழற்றிவிட்டு 120 பாகையில் விட்டால் 40 மில்லிமீட்டரிலேயே 139 மி.மீ. வட்டம் கிடைக்கும், வெளியே சிதறும் ஒளியும் அதற்கேற்பக் கூடும். சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பாத்திரக்கடை வெள்ளைத் தட்டு ஒன்று போதும். தட்டை மணலில் வைத்து மேலே பேனாவை நீட்டினால், நிழலின் இரண்டு ஓரத்திலும் ஆரஞ்சும் ஊதாவுமாக விளிம்பு தெரியக் கூடாது.

டி5 குழல்விளக்கை எதற்கு மறக்கிறாய் என்று பழைய அனுபவசாலிகள் கேட்பார்கள். 1,149 மி.மீ. நீளமுள்ள குழல் மினுமினுப்பே தராது, நிறத்தையும் தானாகக் கலக்கும். நான்கு குழல் 216 வாட். வருடத்துக்கு 631 யூனிட், 189 வெள்ளி. ஆண்டுக்கொரு முறை குழல் மாற்றும் செலவு தனி. குழல்விளக்கு போன்ற பாதரசம் அடங்கிய விளக்குகளைக் கைவிட மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2023-இல் ஜெனீவாவில் முடிவெடுத்தன. பொது வெளிச்சத்துக்கான நேர்க்குழல்களுக்கு 2027 இறுதியோடு காலம் முடிகிறது. மீன் தொட்டிக் குழல்கள் சிறப்பு வகை என்றாலும், பெரிய சந்தை மூடினால் சிறிய சந்தை விலை ஏறும். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மினுமினுப்பு ஒரேயடியாகப் போய்விட்டால் தொட்டி உயிரில்லாமல் இருக்கும் என்பவர்களும் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். வண்ணச் சில்லுகள் எல்லாவற்றையும் ஷீட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, ஓர் ஓரத்தில் 10 வாட் வெள்ளை ஸ்பாட் விளக்கு ஒன்றை மட்டும் மூடாமல் தொங்கவிடலாம். ஒளிவாய் 8 மி.மீ. என்றால் கரைவு 9.6, கோடு தெளிவாக ஓடும், நிறம் மட்டும் ஒன்றுதான். வருடத்துக்கு 29 யூனிட். ஒன்பது வெள்ளிக்கும் கொஞ்சம் குறைவு.