துண்டுக்குள்ளே ஒரு பேரம்!

வேலூர் லாங் பஜார். காலை நேரம். கடைகள் திறந்துவிட்டன. ஊதுவத்தி மணக்கிறது. இன்னும் முதல் போணி ஆகவில்லை.

ஒருவர் வருகிறார். சரக்கைத் தொட்டுப் பார்க்கிறார். விலை கேட்கிறார். கடைக்காரர் சொல்கிறார். வந்தவர் அதில் பாதி விலைக்குக் கேட்கிறார்!

கடைக்காரருக்குக் கோபம் வர வேண்டும் அல்லவா? வரவில்லை. சிரிக்கிறார்.

"அண்ணே, உங்ககிட்டேயா லாபம் பார்க்கப் போறேன்? அசலே கட்டாதுண்ணே!"

"சரி, ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன்" என்கிறார் வந்தவர்.

இந்தப் பேச்சைக் கவனித்தீர்களா? "முடியாது" என்று கடைக்காரர் சொல்லவில்லை. "வேண்டாம்" என்று வந்தவர் சொல்லவில்லை. ஆனால் இருவரும் அதைத்தான் சொன்னார்கள். இருவருக்கும் அது புரிந்தும்விட்டது. மனக்கசப்பு இல்லை. நாளைக்கு அதே மனிதர் அதே கடைப்படி ஏறலாம். "என்னண்ணே, நேத்து சுத்தப் போனவரு இன்னைக்குத்தான் வர்றீங்களா?" என்று கடைக்காரரும் கேட்கலாம்.

"இல்லை" என்ற சொல் இல்லை

வியாபாரத்தில் சில சொற்களை வாயில் எடுக்கக் கூடாது என்பது நம் நாட்டுப் பழக்கம். பழைய காலத்துக் கடைக்காரர்கள் "இல்லை" என்று சொல்லமாட்டார்கள். சரக்குத் தீர்ந்துபோயிருந்தால் "நாளைக்கு வரும்" என்பார்கள். இரவில் "கடையை மூடு" என்று பையனிடம் சொல்லமாட்டார்கள். "கடையை எடுத்து வை" என்பார்கள். நெல் அளக்கும்போது முதல் மரக்காலை "ஒன்று" என்று எண்ணமாட்டார்கள். "லாபம்" என்று தொடங்குவார்கள். அப்புறம்தான் இரண்டு, மூன்று எல்லாம்.

இதற்குத் தமிழ் இலக்கணத்திலேயே இடம் இருக்கிறது. பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மங்கலம் இல்லாததை மங்கலமாகச் சொல்வது "மங்கலம்" என்றும், ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் சொல் "குழூஉக்குறி" என்றும் அதில் வகுத்திருக்கிறார். பொற்கொல்லர்கள் பொன்னைப் "பறி" என்று சொல்வது குழூஉக்குறிக்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணம். பொன்னை வாங்க வந்தவருக்கு அந்தப் பேச்சு புரியாது அல்லவா?

மங்கலத்துக்குக் காட்டும் உதாரணம் இன்னும் வேடிக்கை. கறுப்பு ஆட்டை "வெள்ளாடு" என்கிறோமே, அதுதான்! ஆட்டுத் தோலுக்குப் பேர்போன வட்டாரம் இது. இங்கே ஒரு நாளைக்கு எத்தனை பேர் எத்தனை தடவை அந்த மங்கலச் சொல்லைச் சொல்கிறார்களோ!

கடல் தாண்டிய பேச்சு

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடுவது பழைய தொழில். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் கப்பலேறி லண்டன் வரை போயிற்று. பிறகு செருப்பும் பூட்சும் இங்கேயே செய்து அனுப்பும் காலம் வந்தது. ஆகவே, லாங் பஜாரில் பேசும் பேச்சு மட்டும் இங்கே போதாது. ஜெர்மனிக்காரரிடமும் இத்தாலிக்காரரிடமும் பேசத் தெரிய வேண்டும்.

நம் ஊரில் "பார்க்கலாம்" என்றால் பெரும்பாலும் "ஆகாது" என்று அர்த்தம். வெளியூர்க்காரருக்கு அது எப்படித் தெரியும்? பார்க்கப் போகிறார் என்று நம்பிக் காத்திருப்பார்.

இந்த மாதிரி ஒரு குழப்பத்தில் இரண்டு பெரிய நாடுகளே சிக்கிக்கொண்ட கதை உண்டு. 1969 நவம்பரில் ஜப்பான் பிரதமர் சாட்டோ வாஷிங்டனுக்குப் போனார். அங்கே அமெரிக்க ஜனாதிபதி நிக்சனைச் சந்தித்தார். ஜப்பான் துணிகள் அமெரிக்காவில் வந்து குவிகின்றன, அதைக் குறைக்க வேண்டும் என்பது நிக்சனின் கோரிக்கை. சாட்டோ "ஜென்ஷோ சிமாசு" என்று பதில் சொன்னதாகப் பரவலாகக் கூறுகிறார்கள். "நல்லபடியாகக் கவனிக்கிறேன்" என்பது போன்ற சொல் அது. ஜப்பானில் இப்படிச் சொன்னால் காரியம் நடக்கும் என்று யாரும் நம்பி இருந்துவிட மாட்டார்கள். நிக்சனோ அதை வாக்குறுதி என்றே எடுத்துக்கொண்டாராம்!

துணி குறையவில்லை. நிக்சனுக்குக் கோபம். இழுபறி இரண்டு வருஷம் நடந்தது. 1971 அக்டோபரில்தான் ஒப்பந்தம் ஏற்பட்டது. சாட்டோ "பார்க்கலாம்" என்று லாங் பஜாரில் சொல்லியிருந்தால், பக்கத்துக் கடைப் பையனே அர்த்தம் சொல்லியிருப்பான்!

தோல் வியாபாரிகளுக்கு இந்த ஆபத்திலிருந்து ஒரு பாதுகாப்பு உண்டு. பாங்கி மூலம் வரும் கடன் உறுதிக் கடிதம்தான் அது. கடிதத்திலும் டெலிபோனிலும் எவ்வளவு இனிப்பாகவும் பேசிக்கொள்ளலாம். ஆனால் பாங்கிக்காரர் இனிப்பைப் பார்ப்பதில்லை. எத்தனை ஜோடி, என்ன தினுசு, எந்தத் தேதிக்குள் கப்பலேற வேண்டும் என்று கடிதத்தில் எழுதியிருக்கும். தஸ்தாவேஜில் ஒரு சொல் பிசகினாலும் பணத்தை நிறுத்திவிடலாம். இதற்கு உலகத்துக்கே பொதுவான விதிகளைச் சர்வதேச வர்த்தக சங்கம் 1933-ல் வெளியிட்டது. வளைத்துப் பேசிய பேச்செல்லாம் அந்தக் காகிதத்தில் வந்து நேராகிவிடும்.

காகிதமே இல்லாத பேரமும் இருக்கிறது. அது வேலூருக்குப் பக்கத்திலேயே நடக்கிறது.

பொய்கைச் சந்தை

பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர் பொய்கை. செவ்வாய்க்கிழமை அங்கே மாட்டுச் சந்தை. கறவை மாடு, உழவு மாடு, கன்று எல்லாம் வந்து நிற்கும்.

மாட்டுச் சந்தையில் விலையைக் காதால் கேட்க முடியாது. கண்ணாலும் பார்க்க முடியாது! தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுக்கிறார். விற்பவர் கைமேல் போடுகிறார். துண்டுக்குள் தன் கையை நுழைத்து அவர் விரலைப் பிடிக்கிறார். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. இரண்டு விரல் என்றால் இரண்டு. ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. அது ஐந்நூறா, ஐயாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதற்கு மேல் உள்ள எண்களுக்கு ஊருக்கு ஊர் வேறு பிடி உண்டு.

விற்பவர் தலையை ஆட்டுகிறார். கையை உதறுகிறார். தரகர் மறுபடியும் பிடிக்கிறார். சுற்றிலும் பத்துப் பேர் நிற்கிறார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

ஏன் இந்த ஒளிவு மறைவு? நியாயமான காரணம் இருக்கிறது. ஒருவர் மாட்டைக் குறைந்த விலைக்குக் கேட்டுவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த விலை நாலு பேர் காதில் விழுந்துவிட்டால், அடுத்து வருகிறவர் அதற்கு மேல் போகமாட்டார். மாட்டின் விலை கெட்டுவிடும். துண்டுக்குள் பேசினால் அந்த விலை துண்டுக்குள்ளேயே போய்விடும். அடுத்தவர் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். பணமுடையால் மாட்டைக் குறைத்துக் கொடுத்தாலும் ஊரார் முன் தலைகுனிவு இல்லை. பேரம் முறிந்தாலும் யாருக்கும் அவமானம் இல்லை. லாங் பஜார்க்காரர் சிரிப்பால் செய்கிற வேலையைத்தான் இந்தத் துண்டும் செய்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம். லாங் பஜாரில் இருப்பவர்கள் இரண்டு பேர். இங்கே மூன்று பேர். விற்பவரின் விரல் ஒரு விலை சொல்லும். வாங்குபவரின் விரல் ஒரு விலை சொல்லும். இரண்டும் தெரிந்தவர் தரகர் ஒருவர்தான். நாணயமான தரகர்கள் நிறைய உண்டு. தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்துக்கு மாடு பிடித்துத் தருகிறவர்கள் உண்டு. ஆனால் நடுவில் இருப்பவர் ஒரு விரலை விழுங்கிவிட்டால் கண்டுபிடிப்பது எப்படி?

இந்தக் கவலை புதிதல்ல. வெள்ளைக்காரர் காலத்திலேயே தானியத்தையும் பருத்தியையும் இப்படித் துணி மூடிப் பேசினார்கள். குடியானவர்கள் ஏமாறுவதாகப் புகார் எழுந்தது. 1933-ல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்களுக்கென்று சந்தைச் சட்டம் வந்தது. அதன் வழியில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் ஏற்பட்டன. அங்கே வியாபாரிகள் விலையைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். பிறகு எல்லோருக்கும் தெரியச் சொல்லிவிடுகிறார்கள். நிலக்கடலைக்கு அந்த வசதி கிடைத்துவிட்டது. மாட்டுக்கு இன்னும் துண்டுதான்.

பெண்கள் என்ன செய்வார்கள்?

கறவை மாட்டை வளர்ப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். விடிகாலையில் எழுந்து சாணம் அள்ளுவதும், தீவனம் வைப்பதும், பால் கறப்பதும் அவர்கள்தான். எந்த மாடு எத்தனை படி கறக்கும், எது உதைக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அந்நிய ஆணிடம் துண்டுக்குள் கையைக் கொடுத்து விலை பேச எந்தப் பெண்ணுக்கும் மனம் வராது. ஆகவே புருஷனோ, அண்ணன் தம்பியோ, பக்கத்து வீட்டுக்காரரோ போக வேண்டியிருக்கிறது. அவர் வந்து சொல்வதுதான் விலை.

பையனின் பள்ளிச் சம்பளமும் பெண்ணின் கல்யாணச் செலவும் அந்த ஒரு மாட்டில் அடங்கியிருக்கும் வீடுகள் உண்டு. ஒரு விரல் குறைந்தால் அந்த வீட்டில் என்ன குறையும் என்பது துண்டுக்கு வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாது.

உஷாரான குடும்பங்களுக்கு ஒரு வழி உண்டு. துண்டுக்குள் பேசுவதை அவர்கள் தடுப்பதில்லை. தடுத்தால் வியாபாரம் நடக்காது. பேரம் முடிந்ததும் தரகரை ஓரமாக நிற்கச் சொல்கிறார்கள். வாங்கியவரையே நேராகக் கேட்கிறார்கள்: "ஐயா, என்ன விலைக்கு முடிச்சீங்க? வாய் விட்டுச் சொல்லுங்க." அச்சாரப் பணத்தையும் அவர் கையிலிருந்தே வாங்கிக்கொள்கிறார்கள். தரகருக்குத் தரகை அவர்களே எண்ணிக் கொடுக்கிறார்கள். நாணயமான தரகர் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மாட்டைப் பார்க்கப் போய்விடுகிறார்.