800 சொற்களின் வரவு செலவு

2024-ல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் எம்.பி.ஏ. முதலாண்டில் சேர்ந்தவர்கள் 930 பேர். அதற்கு வந்த விண்ணப்பங்கள் 9,856. நூறு பேர் விண்ணப்பித்தால் வகுப்பில் உட்காருகிறவர்கள் ஒன்பது பேர்தான்.

அந்த ஆண்டின் இடைப்பகுதியில், அடுத்து விண்ணப்பிப்பவர்களுக்காகக் கட்டுரைக் கேள்விகளைப் பள்ளி மாற்றியது. அப்போது ஒரு விண்ணப்பத்தின் கணக்கு:

ஜிமேட் தேர்வு, அமெரிக்க மையத்தில்: 275 டாலர்
விண்ணப்பக் கட்டணம்: 250 டாலர்
பரிந்துரைக் கடிதம்: 2
கட்டுரை: 3 (300 + 250 + 250 = 800 சொற்கள்)
நேர்முகம்: 30 நிமிடம், அழைப்பு வந்தால் மட்டும்

525 டாலர் கட்டியதால் யாரும் தனித்துத் தெரியப்போவதில்லை. மதிப்பெண்ணும் அப்படித்தான். ஜிமேட் மதிப்பெண் 205-இல் தொடங்கி பத்துப் பத்தாக ஏறி 805-இல் முடிகிறது. மொத்தமே 61 படிகள். அதற்குப் பதிலாக ஜிஆர்இ தேர்வு எழுதுகிறவர்களும் உண்டு. ஆனாலும் 9,856 பேரும் ஜிமேட் எழுதியதாக வைத்துக்கொண்டால், படிக்குச் சராசரியாக 162 பேர் நிற்பார்கள். மேல்படிகளில் நெரிசல் இன்னும் அதிகம்.

மிஞ்சுவது 800 சொற்கள். நிமிடத்துக்கு 200 சொல் வாசித்தால் ஒருவருக்கு நான்கு நிமிடம். இதே கூட்டம் மறுபடி வந்தால், வாசிக்க வேண்டியது 78.8 லட்சம் சொற்கள். 657 மணி நேர வேலை. அத்தனைக்கும் நடுவே உங்கள் நான்கு நிமிடம் நினைவில் நிற்க வேண்டும்.

மூன்று கேள்விகளும் தொழில் நோக்கு, தலைமை, அறியும் ஆர்வம் பற்றியவை. தலைமைக்கு 250 சொல். "அணியை வழிநடத்தும் திறன் எனக்கு உண்டு" என்பதை ஆயிரம் பேர் எழுதுவார்கள். ஒரு கிடங்கு மேலாளர் இப்படி எழுதலாம்: "குளிர்சாதன லாரி மூன்றில் ஒன்று நடு இரவில் நின்றுவிட்டது. மீதி இரண்டிலும் மருந்தை ஏற்றச் சொன்னேன். ஐஸ்கிரீம் உருகினால் உருகட்டும் என்று விட்டேன். நஷ்டத்தை மறுநாள் காலையில் முதலாளியிடம் நானே சொன்னேன்." தலைமை என்ற சொல்லே இதில் இல்லை. நிகழ்ச்சிக்கு 100 சொல், முடிவுக்கும் அதன் காரணத்துக்கும் 100, விளைவுக்கு 50 என்று பிரித்தால் கணக்கு சரியாகும்.

பயோடேட்டாவில் உள்ள பதவியையும் பரிசையும் கட்டுரையில் திரும்ப எழுதுவது ஒரே செலவை இரு முறை பற்று வைப்பது. பரிந்துரை தருகிற இருவரும் ஒரே சம்பவத்தைச் சொன்னால், இரண்டு கடிதம் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

கடைசியில் ஒரு தணிக்கை. இன்னொருவர் தன் பெயரைப் போட்டு அப்படியே அனுப்பக்கூடிய வரிகளைக் கோடிட்டு, சொற்களை எண்ணி, 800-இலிருந்து கழியுங்கள். மிச்சம் 300-க்குக் கீழே இருந்தால் திரும்ப எழுதுங்கள். அதற்குக் கட்டணம் ஏதும் இல்லை.