விசா விண்ணப்பத்தில் வாய்மை



மகளின் பிரசவத்திற்காகவோ, மகனின் பட்டமளிப்பு விழாவிற்காகவோ வெளிநாடு செல்ல விசா கோருகிறோம். முன்பு விசா மறுக்கப்பட்டதா, அனுமதித்த காலத்தைக் கடந்து தங்கினீர்களா, நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டீர்களா என்று படிவம் வினவுகிறது. அது பழைய கதை, 'இல்லை' என்றே எழுதிவிடலாம் என்கிறார் தரகர். இவ்விடத்தில் ஒரு முஃமினின் கடமை என்ன?

தவறுக்குத் தவணை உண்டு

அமெரிக்கச் சட்டப்படி, 180 நாட்களுக்கு மேல் ஓராண்டிற்குள் சட்டவிரோதமாகத் தங்கி வெளியேறியவருக்கு 3 ஆண்டுகள் தடை. ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியவருக்கு 10 ஆண்டுகள். ஆனால் விசாவுக்காக முக்கிய விஷயத்தில் வேண்டுமென்றே பொய்யுரைத்தவருக்கோ வாழ்நாள் தடை. சிறப்பு விலக்குப் பெற்றாலன்றி அது நீங்காது. பிரிட்டனில், காலம் கடந்து தங்கியவர் தாமாகவே சொந்தச் செலவில் வெளியேறியிருந்தால் பொதுவாக 12 மாதத் தடையே. விண்ணப்பத்தில் ஏமாற்றியவருக்கு 10 ஆண்டுகள். கனடாவில் பொய்த் தகவலுக்கு 5 ஆண்டுகள். ஆக, செய்த தவறைவிட அதை மறைக்கச் சொன்ன பொய்யே பெருஞ்சுமையாகிறது.

மறைப்பதும் எளிதன்று. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய 5 நாடுகளும் கைரேகையை ஒப்பிட்டுக் குடிவரவுத் தகவல்களைப் பகிர்ந்துகொள்கின்றன.

மறைப்பதும் பொய்யுரைப்பதும் ஒன்றா?

தன் பாவத்தைப் பிறரிடம் பறைசாற்றலாகாது என்று மார்க்கம் போதிக்கிறதே எனச் சிலர் கேட்கலாம். கேட்கப்படாததைப் பரப்பாமலிருப்பது வேறு. உண்மை கூறுவதாகக் கையொப்பமிட்டுவிட்டுப் பொய்யுரைப்பது வேறு. ஆகவே கேள்வியைக் கவனமாகப் படியுங்கள். சில கேள்விகள் அந்நாட்டைப் பற்றி மட்டுமே அமையும். கனடாவின் படிவமோ எந்த நாட்டில் விசா மறுக்கப்பட்டிருந்தாலும் கூறச் சொல்கிறது. கேட்ட அளவிற்கு முழுமையாக விடையளியுங்கள்.

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தபூக் போருக்குச் செல்லாமல் பின்தங்கியோரில் ஏறத்தாழ 80 பேர் சாக்குப்போக்குக் கூறித் தப்பினர். கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களோ தமக்கு எந்தக் காரணமும் இல்லை என்ற உண்மையையே நபி (ஸல்) அவர்களிடம் உரைத்தார்கள். 50 நாட்கள் ஊர் விலக்கின் வேதனையைத் தாங்கினார்கள். பின்னரே அவர்களின் தவ்பா ஏற்கப்பட்ட நற்செய்தி இறங்கியது. வாய்மை உடனே பலன் தராதிருக்கலாம். அதனால் அது வீணாவதில்லை.

செய்ய வேண்டியவை

பழைய பாஸ்போர்ட், மறுப்புக் கடிதம், வெளியேறிய முத்திரை ஆகியவற்றைத் தேடி எடுங்கள். நடந்ததையும், இன்று நிலைமை எவ்வாறு மாறியுள்ளது என்பதையும் சுருக்கமாக எழுதி இணையுங்கள். சரியான தேதி நினைவில்லையெனில் தோராயமான தேதி என்றே குறிப்பிடுங்கள். தரகர் நிரப்பினாலும் படித்துப் பார்க்காமல் கையொப்பமிடாதீர்கள், பொறுப்பு உங்களுடையதே. சிக்கல் பெரிதெனில் குடிவரவுச் சட்டம் அறிந்த வழக்கறிஞரை நாடுங்கள்.

உண்மை எழுதியும் விசா மறுக்கப்படலாம். மறுக்கப்பட்ட விசாவுக்கு மீண்டும் விண்ணப்பிக்க வழியுண்டு. பொய்யர் என்று பதிவான பெயரைத் துடைப்பதோ மிகக் கடினம்.

வல்ல நாயன் அல்லாஹ் நம் நாவையும் எழுத்தையும் வாய்மையில் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.