கிழங்கு விளக்கும் கடதாசிப் பேயும்

ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதம் 31ஆந் திகதி இரவில், மேலைநாடுகள் பலவற்றிலே வீட்டு வாசல்களில் பேய்கள் காவல் நிற்கின்றன. ஹலோவீன் என்பது அவ்விரவின் பெயர். நவம்பர் முதலாந் திகதி கிறித்தவர்க்குச் சகல புனிதர் திருநாள். அதற்கு முந்திய மாலை என்பதே அப்பெயரின் பொருள். அதனை அடுத்து வரும் நவம்பர் 2ஆந் திகதி, இறந்தோரை நினைந்து இலங்கைக் கத்தோலிக்க மக்கள் சேமக்காலைகளில் மெழுகுதிரி ஏற்றுவது நேயர்கள் அறிந்ததே.

அயர்லாந்திலும் ஸ்கொத்லாந்திலும் இவ்விரவுக்கு வேறொரு வேரும் உண்டு. அறுவடை முடிந்து மாரிக்காலம் தொடங்கும் வேளையில் அங்கே சௌவின் என்றொரு விழா எடுத்தனர். அன்றிரவு ஆவிகள் ஊருக்குள் உலாவும் என்பது நாட்டுப்புற மக்களின் நம்பிக்கை. ஆவி வந்தால் என் செய்வது? அதனினும் கோரமான முகமொன்றை வாசலில் வைத்து அதனை வெருட்டலாம். அல்லது ஆவிபோலத் தாமே வேடம் புனைந்து அதனை ஏமாற்றலாம். விளக்குக்கும் முகமூடிக்கும் இவ்விரண்டு எண்ணங்களையே காரணமாகச் சொல்வர். ஸ்கொத்லாந்துச் சிறுவர் முகத்திலே கரி பூசி, பெரியோரின் பழைய உடுப்புகளை மாட்டிக்கொண்டு வீடுவீடாகச் சென்றனர். ஒரு பாட்டுப் பாடியோ, நாலு வரி சொல்லியோதான் கொட்டைகளையும் அப்பிள்களையும் அவர்கள் பெற்றுக்கொண்டனர். வேடத்துக்குச் செலவு ஒரு சதமும் இல்லை.

முதல் விளக்குகள் டர்னிப் கிழங்கிலே குடையப்பட்டவை. அயர்லாந்தின் மேயோ மாவட்டத்திலுள்ள தேசிய அருங்காட்சியகத்தின் நாட்டுப்புற வாழ்க்கைப் பிரிவில் அத்தகைய விளக்கொன்றின் வார்ப்பு இருக்கின்றது. சுருங்கிய கன்னமும் பிதுங்கிய பல்லுமாக அது பார்க்கும் பார்வைக்கு, இக்காலத்துச் சிரிக்கும் பூசணிகள் அருகிலும் வாரா. கிழங்கு வற்ற வற்ற முகம் தானே முதுமை அடைகின்றது. சிற்பி செய்யாததைக் காற்றுச் செய்துவிடுகின்றது. எனினும் வன்மையான அக்கிழங்கைக் கரண்டியாற் குடைவது கைநோவு தரும் வேலை. 1845ஆம் ஆண்டில் தொடங்கிய பஞ்சத்தால் அமெரிக்காவுக்குப் பெருந்தொகையாகச் சென்ற ஐரிஷ் மக்கள், அங்கே பெரிதாயும் உள்ளே பொள்ளலாயும் விளையும் பூசணியைக் கண்டபின் கிழங்கைக் கைவிட்டதில் வியப்பில்லை.

பூசணி குடைவதிலும் சில நுட்பங்கள் உள. மூடியை நேராக வெட்டினால் அது உள்ளே விழுந்துவிடும். கத்தியை நடுவை நோக்கிச் சாய்த்து வெட்டினால் மூடி விளிம்பிலே தங்கும். முகம் வெட்டும் பக்கத்துச் சதையை இரண்டரை சென்ரிமீற்றர் அளவுக்குச் சுரண்டி மெல்லியதாக்க வேண்டும். தடித்த சுவரில் வெட்டிய கண்ணினூடே வெளிச்சம் நேராக மட்டுமே வரும், பக்கத்தில் நிற்பவருக்கு அம்முகம் தெரியாது. வெட்டிய பூசணி சில நாள்களில் பூஞ்சணம் பிடித்துக் குழைந்துவிடும். ஆகவே விழாவுக்கு ஓரிரு நாள் முன்னரே குடைவது வழக்கம்.

முகமூடிக்குப் பழைய செய்தித்தாளும் கோதுமை மாப் பசையும் போதும். களிமண்ணில் முகம் பிடித்து, அதன்மேல் வாஸ்லின் தடவி, பசையில் தோய்த்த கடதாசித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவர். துண்டுகளைக் கத்தரிக்கோலால் வெட்டாது கையாற் கிழிப்பதே முறை. கிழிந்த விளிம்பு மெல்லியதாகையால் ஒட்டிய தடம் தெரியாது. ஒரு படை காய்ந்தபின்பே அடுத்த படை. அவசரப்பட்டு ஈரத்தின்மேல் ஈரம் ஏற்றினால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். பசையிற் சிறிது உப்பு இடுவதும் அதனைத் தடுக்கவே. கல்லறைக் கற்களுக்கு ரிஜிபோம் பலகை உதவுகின்றது. ஆனால் கலத்திலிருந்து பீச்சும் வர்ணத்தை அதன்மேல் அடித்தால், வர்ணத்திலுள்ள கரைப்பான் பலகையைத் தின்றுவிடும். நீரிற் கரையும் வர்ணமே அதற்கு ஏற்றது.

அச்சம் பொருளின் விலையைப் பொறுத்ததன்று என்பதற்குச் சினிமாவிலேயே சான்றுண்டு. 1978இல் வெளிவந்த ‘ஹலோவீன்’ என்னும் படத்தின் கொலைஞன் அணிந்த முகமூடி, ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடரின் கப்பற்தலைவன் முகமாகக் கடையில் இரண்டு டொலருக்கும் குறைவாக விற்கப்பட்டது. புருவத்தைப் பிய்த்து, கண் துளைகளைப் பெரிதாக்கி, வெள்ளை பூசியதுதான் படக்குழுவினர் செய்த வேலை. அம்முகத்தில் உணர்ச்சி எதுவும் இல்லை. இல்லாததைப் பார்ப்பவர் மனமே இட்டு நிரப்பிக்கொள்கின்றது.

இன்னும் முயற்சியுள்ளோர் பேயை அசையவும் செய்வர். காரின் முன்கண்ணாடி துடைக்கும் மோட்டாரில் ஒரு சுழல்தண்டைப் பூட்டி, அதிலிருந்து மூன்று கயிறுகளைக் கப்பிகளின் மேலாகக் கொண்டுசென்று, மெல்லிய துணி போர்த்த பொம்மையின் தலைக்கும் இரு கைகளுக்கும் கட்டுகின்றனர். தண்டு சுழலுகையில் மூன்று கயிறுகளும் வெவ்வேறு நேரத்தில் ஏறி இறங்க, பேய் காற்றிலே நீந்துகின்றது. பாவைக்கூத்தாடியின் விரல்களுக்குப் பதிலாக இங்கே மோட்டார் நிற்கின்றது, அவ்வளவே. கண்ணாடிப் பேய் இன்னும் பழையது. 1862ஆம் ஆண்டு இலண்டனில் பேராசிரியர் பெப்பர் இதனை மேடையேற்றினார். ஹென்றி டேர்க்ஸ் என்பார் வகுத்த முறையே இதற்கு அடிப்படை. பார்ப்போர் முன் சாய்வாக நிறுத்திய கண்ணாடித் தகட்டில், மறைவிடத்தே ஒளியூட்டப்பட்ட ஆளின் பிரதிபலிப்பு விழும். கண்ணாடியோ கண்ணுக்குத் தெரியாது. ஆகவே வெற்றிடத்தில் ஓர் உருவம் தோன்றி மறையும். மாலையில் சாளரக் கண்ணாடியிலே தம் முகத்தைக் கண்டவர் எவரும் இவ்வித்தையின் பாதியைக் கண்டவரே.

இத்தனையும் வேடிக்கை. வேடிக்கையல்லாதது நெருப்பு. வாசற்படியில் வைத்த விளக்கின் சுடர், சிறு பிள்ளையின் அங்கி விளிம்பு அசையும் உயரத்திலேயே எரிகின்றது. பேய்க்கெனத் தேர்ந்தெடுப்பதோ மெல்லிய, தொங்கும், ஓரம் கிழிந்த துணி. இருபுறமும் காற்றுப் படும் அத்தகைய துணியில் தீ பற்றினால், அது கீழிருந்து மேலாகச் சில நொடிகளில் ஏறிவிடும். அமெரிக்காவில் 1940களில் மயிர் நிமிர்த்திய றேயோனாற் செய்த மாட்டிடையர் விளையாட்டுடுப்புகள் தீப்பற்றிப் பல சிறுவர் எரியுண்டனர். அத்தகைய துயரங்களே 1953இல் அந்நாடு தீப்பற்றும் துணிகள் பற்றிச் சட்டம் இயற்றக் காரணமாயின. கடை உடுப்புக்குச் சட்டத்தின் சோதனை உண்டு; வீட்டில் தைத்த அங்கிக்குத் தாயும் தந்தையுமே சோதனையாளர். மெல்லிய பருத்தித் துணியினும் கம்பளி எளிதிற் பற்றாது. தொங்கும் கையினும் ஒட்டிய கை நல்லது. மெழுகுதிரிக்குப் பதிலாக மின்கலத்தில் எரியும் சிறு எல்.ஈ.டி. விளக்கு இக்காலத்தில் மலிவாகக் கிடைக்கின்றது. அதனைப் பூசணிக்குள் வைத்தால் அதன் கண்கள் சிறிதும் மங்கா.

மற்றோர் ஆபத்து வீதியில் உள்ளது. 1975 முதல் 2016 வரையான 42 ஆண்டு அமெரிக்க விபத்துப் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வொன்று, ஹலோவீன் மாலையில் நடந்துசெல்வோர் வாகனம் மோதி இறப்பது அக்காலத்துப் பிற மாலைகளை விட 43 சதவீதம் கூடுதல் எனக் கண்டது. கண் துளை சிறியதான முகமூடி, நேரே வருவதைக் காட்டினும் பக்கத்தில் வருவதைக் காட்டாது. இதனாலேயே அனுபவமுள்ள பெற்றோர் முகமூடிக்குப் பதில் முகத்தில் வர்ணம் தீட்டுகின்றனர். கறுப்பு அங்கியின் முதுகில் ஒளியைத் திருப்பும் பட்டியொன்றைத் தைக்கின்றனர். உடுப்பு முடிந்ததும் பொழுது சாயும் வேளையில் பிள்ளையை அதனுடன் படிக்கட்டில் ஒருமுறை ஏறி இறங்கச் சொல்வர். அங்கி காலிலே தடுக்கினால், கணுக்காலுக்கு மேலே வரும்வரை மடித்துத் தைப்பர்.