நிறத்தை வைத்துத் தூரம் கணிக்கும் வானியல்

சிலி நாட்டின் செர்ரோ பாச்சோன் மலையில் இருக்கும் வெரா ரூபின் ஆய்வகம், 2025 ஜூன் 23 அன்று தன் முதல் படங்களை வெளியிட்டது. 8.4 மீட்டர் ஆடியும் 3,200 மெகாபிக்சல் கேமராவும் கொண்ட இந்தத் தொலைநோக்கி, பத்தாண்டுகளில் சுமார் 2,000 கோடி கேலக்ஸிகளைப் படம்பிடிக்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. ஆனால் ஒரு கேலக்ஸி எந்தத் திசையில் இருக்கிறது என்பதைத்தான் படம் நேரடியாகக் காட்டும். தூரத்தைக் கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

நீளும் அலைகள்

பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருக்கிறது. அதனால் தொலைவிலிருந்து வரும் ஒளியின் அலைநீளம் வழியிலேயே நீண்டு, சிவப்புப் பக்கம் நகர்கிறது. இதுவே செம்பெயர்ச்சி. அது எவ்வளவு என்று தெரிந்தால் தூரமும் தெரிந்துவிடும்.

இதைத் துல்லியமாக அளக்க ஒளியை நிறமாலையாகப் பிரித்து, தனிமங்களின் கோடுகள் எவ்வளவு இடம் மாறியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் அரிசோனாவில் கிட் பீக் மலையில் இயங்கும் டெசி கருவி, ஒரே நேரத்தில் 5,000 ஒளியிழைகளைக் கொண்டு இந்த வேலையைச் செய்கிறது. ஆனாலும் அதன் இலக்கு சில கோடிதான். மங்கலான கேலக்ஸியின் கொஞ்சநஞ்ச ஒளியையும் ஆயிரக்கணக்கான துண்டுகளாகப் பிரித்தால், ஒவ்வொரு துண்டிலும் எதுவும் மிஞ்சாது. 2,000 கோடிக்கு இந்த வழி கட்டுப்படியாகாது.

ஆறு வடிகட்டிகள்

ஒளியை நுணுக்கமாகப் பிரிக்காமல் அகலமான சில பட்டைகளாக மட்டும் அளப்பதே மாற்று வழி. அமெரிக்க வானியலாளர் வில்லியம் பாம், 1950களிலேயே பாலோமர் ஆய்வகத்தில் ஒன்பது பட்டைகளில் இதைச் செய்து பார்த்தார். ரூபினில் இருப்பவை ஆறு வடிகட்டிகள். புற ஊதாவின் விளிம்பிலிருந்து அகச்சிவப்பின் தொடக்கம் வரை, யு, ஜி, ஆர், ஐ, இசட், ஒய் என்று அவற்றுக்குப் பெயர்.

வயதான விண்மீன்கள் நிறைந்த கேலக்ஸியின் ஒளி, 400 நானோமீட்டருக்குக் கீழே ஒரு படி இறங்கியதுபோலச் சட்டென்று குறைந்துவிடும். விண்மீன்களின் வளிமண்டலத்தில் உள்ள கால்சியம் முதலான தனிமங்கள் அந்த ஒளியை உறிஞ்சிக்கொள்வதே காரணம். செம்பெயர்ச்சி 0.7 என்றால், அதாவது அலைநீளம் 0.7 மடங்கு கூடியிருந்தால், இந்தப் படி 680 நானோமீட்டருக்கு நகர்ந்திருக்கும். அப்போது அந்த கேலக்ஸி யு, ஜி, ஆர் படங்களில் மங்கலாகவும் ஐ படத்தில் பளிச்சென்றும் தெரியும். அதன் ஒளி 600 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் பயணம் செய்து வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

நடைமுறையில், ஆறு படங்களின் வெளிச்ச அளவையும் பலவகை கேலக்ஸிகளின் மாதிரி நிறமாலைகளோடு கணினி பொருத்திப் பார்க்கும். அல்லது, தூரம் ஏற்கெனவே தெரிந்த கேலக்ஸிகளைக் கொடுத்து இயந்திரக் கற்றலில் பழக்குவார்கள். விடையாகக் கிடைப்பது ஒற்றை எண் அல்ல, எந்தத் தூரத்துக்கு எவ்வளவு வாய்ப்பு என்ற கணக்கு.

ஏமாற்றும் நிறங்கள்

சில நேரம் இரண்டு தூரங்கள் ஒரே நிறத்தைக் காட்டிவிடும். மிகத் தொலைவில் உள்ள கேலக்ஸிகளின் ஒளியை ஹைட்ரஜன் உறிஞ்சுவதால் 121.6 நானோமீட்டரில் இன்னொரு படி உண்டாகிறது. செம்பெயர்ச்சி 3.5 ஆனால் அந்தப் படி 547 நானோமீட்டரில் வந்து நிற்கும். செம்பெயர்ச்சி 0.37 உள்ள, அதைவிட அருகிலிருக்கும் கேலக்ஸியின் 400 நானோமீட்டர் படியும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் விழும்.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களிலும் ஒரு குழப்பம் நேர்ந்தது. சியர்ஸ்-93316 என்ற கேலக்ஸியின் செம்பெயர்ச்சி சுமார் 16 என்று 2022இல் நிறங்களை வைத்துக் கணித்தார்கள். சரியாக இருந்திருந்தால், பெருவெடிப்புக்குப் பின் 25 கோடி ஆண்டுகளுக்குள்ளேயே அது உருவாகியிருக்க வேண்டும். 2023இல் நிறமாலை எடுத்தபோது கிடைத்த விடை 4.9, அதாவது பெருவெடிப்புக்குச் சுமார் 120 கோடி ஆண்டுகளுக்குப் பிந்தைய காலம். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் உமிழ்ந்த வலுவான ஒளிக்கோடுகள் சில வடிகட்டிகளுக்குள் விழுந்து, நிறத்தையே மாற்றிக் காட்டியிருந்தன.

அதற்காக இந்த முறையைத் தள்ளிவிட முடியாது. பிரபஞ்சத்தின் விரிவை வேகப்படுத்துவதாகக் கருதப்படும் இருண்ட ஆற்றலை ஆராய்பவர்களுக்குத் தனி கேலக்ஸியை விட, கோடிக்கணக்கானவற்றின் சராசரிதான் முக்கியம். அந்தச் சராசரி ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க, ஒரு சிறு பகுதிக்கு நிறமாலை எடுத்துச் சரிபார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

எனவே, 'மிகத் தொலைவான கேலக்ஸி கண்டுபிடிப்பு' என்று அடுத்த முறை செய்தி வந்தால், அந்தத் தூரம் நிறமாலையில் உறுதியானதா, நிறத்தை வைத்துக் கணித்ததா என்று முதலில் பாருங்கள்.