மேய்ச்சல் தரை வெறுங்காணியா?

"சும்மா கிடக்கிற காணிதானே, நாலு வீடு கட்டினால் என்ன?" இந்தக் கேள்வி எமது கிராமங்களில் அடிக்கடி எழுகிறது. வீடில்லாத ஒருவர் இதைக் கேட்கும்போது அதில் நியாயம் இருக்கிறது. காணியைத் துண்டுபோட்டு விற்பவர் கேட்கும்போது அதன் நோக்கம் வேறு. யார் கேட்டாலும் நாம் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. சும்மா கிடக்கிறது என்று நாம் நினைக்கும் காணியில் பெரும்பகுதி சும்மா கிடப்பதில்லை.

வயலின் மறுபாதி

களுவாஞ்சிக்குடி, கிழக்கே கடலுக்கும் மேற்கே வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலம். இக்கரை எழுவான்கரை. பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் படுவான்கரை. எழுவான்கரையில் வீடும் தோட்டமும், படுவான்கரையில் வயலும் மாட்டுப்பட்டியும் என்பதே எம் முன்னோர் கண்ட ஒழுங்கு.

பெரும்போக விதைப்புக்கு முன்னர் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில், விதைப்புத் திகதியோடு மாடுகளை வயற்பகுதியிலிருந்து அகற்ற வேண்டிய திகதியும் தீர்மானிக்கப்படுகிறது. அந்த நாளுக்குள் பட்டிகள் வெகுதூரத்திலுள்ள மேய்ச்சல் தரைகளுக்குச் செல்ல வேண்டும். அறுவடை முடிந்ததும் அவை திரும்பி வந்து வயலில் மேயும். சாணமும் சலமும் அதே வயலுக்கு உரமாகும். ஆகவே மேய்ச்சல் தரை என்பது வயலின் மறுபாதி. அது இல்லாமற் போனால் மாடு வேளாண்மைக்குள் இறங்கும். மாட்டுக்காரருக்கும் வயற்காரருக்கும் இடையே சண்டை மூளும். கடைசியில் ஏழை தன் பசுவை அடிமாட்டு விலைக்கு விற்பான்.

மயிலத்தமடு தரும் பாடம்

இது வெறும் கற்பனைப் பயம் அன்று. எமது மாவட்டத்தின் மேற்கு எல்லையில், பொலன்னறுவை மாவட்டத்தை அண்டி, மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகள் உள்ளன. மாரி காலத்தில் பெருந்தொகையான பட்டிகள் சென்று தங்கும் இடம் அது. இது மகாவலி அதிகாரசபையின் நிர்வாகத்துக்கு உட்பட்ட பிரதேசமாகும். 2020ஆம் ஆண்டில், வெளிமாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் இங்கு நிலத்தைத் துப்புரவாக்கிச் சோளம் முதலிய பயிர்களைச் செய்யத் தொடங்கியது பெரும் பிரச்சினையாகியது. மாடுகள் சுடப்பட்டும் சுருக்குகளில் அகப்பட்டும் இறப்பதாகப் பண்ணையாளர்கள் தொடர்ந்து முறையிட்டனர்.

2023 செப்டெம்பர் 15ஆம் திகதி அவர்கள் சித்தாண்டியில் தொடர் அறவழிப் போராட்டத்தை ஆரம்பித்தார்கள். அடுத்த மாதம் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க மட்டக்களப்புக்கு வந்தபோது செங்கலடியில் வீதியில் இறங்கி நின்றார்கள். ஓராண்டு கடந்தும் போராட்டம் தொடர்ந்தது. பால் கறந்து பிழைக்கும் குடும்பங்கள் தொழிலை விட்டு வீதியோரம் அமர்ந்திருப்பது எத்தனை பெரிய இழப்பு என்பதை, தொழிலையும் ஊரையும் இழந்த உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அங்கு பயிர் செய்ய வந்தவர்களிலும் காணியற்ற ஏழைகள் இருக்கிறார்கள். அவர்கள் எமது பகைவர் அல்லர். ஓர் ஏழையின் மேய்ச்சல் தரையை எடுத்து இன்னோர் ஏழைக்குக் கொடுக்கும் முறையைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

சட்டம் சொல்வது என்ன?

இலங்கையின் நிலத்தில் 80 சதவீதத்துக்கும் அதிகமானது அரச காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அரச காணியை என்னென்ன தேவைகளுக்காகப் படமிட்டு ஒதுக்கலாம் என்று கூறுகிறது. அந்த வரிசையில் கிராம விஸ்தரிப்பு இருக்கிறது. கிராமக் காடு இருக்கிறது. கிராம மேய்ச்சல் தரையும் இருக்கிறது. அதாவது, குடியிருப்புக்கு நிலம் ஒதுக்கும் அதே சட்டம் மாட்டுக்கும் நிலம் ஒதுக்க இடம் தருகிறது. இதை எம் மக்களில் எத்தனை பேர் அறிந்திருக்கிறார்கள்?

வயலுக்கும் பாதுகாப்பு உண்டு. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதியின்றி வயலை மண்ணிட்டு நிரப்ப முடியாது. வேறு தேவைக்குப் பயன்படுத்தவும் முடியாது.

வேறு நாடுகளிலும் இந்தப் பிரச்சினை எழுந்தது. இலண்டன் நகரம் வயல்களை விழுங்கிப் பரந்தபோது, 1938இல் அதைச் சுற்றிய நிலத்தைக் காக்கச் சட்டம் இயற்றினார்கள். தென்கொரியா 1971இல் சியோல் நகரைச் சுற்றிப் பசுமை வளையம் ஒன்றை அறிவித்தது. "இந்த எல்லைக்கு அப்பால் வீடு இல்லை" என்று முன்கூட்டியே கோடு கீறுவதுதான் அதன் சாரம். மேய்ச்சல் தரையும் வயலும் வாவிக்கரையும்தான் எமது பசுமை வளையம்.

அப்படியானால் வீட்டுக்கு எங்கே போவது?

இதுவே கடினமான கேள்வி. 1990இலும் 2007இலும் யுத்தத்தால் இடம்பெயர்ந்தோம். 2004 டிசம்பர் 26இல் கடல் எழுவான்கரையை அடித்துச் சென்றது. அதன் பின்னர் வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசு அறிவித்தது. 2005இன் இறுதியில் அது தளர்த்தப்பட்டது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்றிருக்கும் எமக்கு 200 மீற்றர் என்பது சிறு அளவன்று. நெருக்கடியில் மக்கள் பள்ளக் காணியை நிரப்பிக் குடியேற நினைப்பது இயல்பே.

ஆனால் பள்ளக் காணி சும்மா பள்ளமாக இருக்கவில்லை. மாரி வெள்ளம் வந்து தங்கி, மெதுவாக வாவிக்கு வடியும் இடம் அது. அதை நிரப்பினால் வெள்ளம் அயல் வீட்டுக்குள் போகும். 2011 ஜனவரி வெள்ளத்தில் எமது மாவட்டம் பட்ட துன்பத்தை எவரும் மறந்திருக்க முடியாது. நிரப்பிய காணியில் கிடைக்கும் வீடு, ஒவ்வொரு மார்கழியிலும் மீண்டும் அகதியாக்கும் வீடு.

எனவே வீடு வேண்டும் என்ற கோரிக்கையையும் நிலத்தைக் காக்கும் கோரிக்கையையும் நாம் ஒன்றாகவே முன்வைக்க வேண்டும். முதலில், இடம்பெயர்ந்தோரின் சொந்தக் காணிகள் திரும்பக் கிடைக்க வேண்டும். அது முடியாதவிடத்து, வெள்ளம் ஏறாத மேட்டுக் காணியில், வயலுக்கும் வாவிக்கும் போய்வரக்கூடிய தூரத்தில், கிராம விஸ்தரிப்புக்கு நிலம் ஒதுக்கப்பட வேண்டும். தொழிலிலிருந்து பிரித்து வைக்கும் வீடு விவசாயிக்கு வீடாகாது.

நாம் செய்யக்கூடியவை

காணி பறிபோன பின் அழுவதை விட, போகும் முன் எழுதி வைப்பது மேல். ஒவ்வொரு கிராமத்திலும் கமக்காரர் அமைப்பும் பண்ணையாளர் சங்கமும் மாதர் சங்கமும் கூடி, தமது மேய்ச்சல் தரை, குளம், வாய்க்கால், தாழ்நிலம் ஆகியவற்றைப் படமாக வரையுங்கள். எல்லைகளை முதியவர்களிடம் கேட்டுக் குறியுங்கள். பட்டிகளின் எண்ணிக்கையை எழுதுங்கள். பட்டிகள் போய்வரும் பாதையையும் குறிக்கத் தவறாதீர்கள். பாதை அடைபட்டால் தரை இருந்தும் பயனில்லை. வீடு தேவைப்படும் குடும்பங்களின் பட்டியலையும் அதனுடன் இணையுங்கள். எல்லோரும் கையொப்பமிட்டு, கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலாளரிடம் கொடுத்து, கிடைத்ததற்கான சான்றைப் பெற்றுப் பிரதியைச் சங்கத்தில் வையுங்கள். மேய்ச்சல் தரையை அளந்து, வர்த்தமானியில் அறிவித்து, எல்லைக்கல் நாட்டுமாறு கேளுங்கள். வயல் நிரப்பப்படுவதைக் கண்டால் உடனே கமநல சேவை நிலையத்தில் எழுத்தில் முறையிடுங்கள்.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட:

1. எமது கிராமத்தில் "சும்மா கிடக்கும் காணி" என்று சொல்லப்படுவது எது? அதனால் யார் யார் பயன் பெறுகிறார்கள்?

2. கடந்த பத்து ஆண்டுகளில் எவ்வளவு வயலும் மேய்ச்சல் தரையும் குறைந்துள்ளது? அவற்றை எடுத்தவர் யார்?

3. எமது கிராமத்தில் வீடு கட்ட ஏற்ற மேட்டுக் காணி எங்கே இருக்கிறது? அது இப்போது யார் கையில் இருக்கிறது?

மூன்றாவது கேள்விக்கு விடை தேடும்போது சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆயினும் அதைக் கேட்காமல் விடாதீர்கள். மேட்டுக் காணி சிலரிடம் முடங்கிக் கிடப்பதாலும்தான் ஏழைகள் பள்ளத்தையும் மேய்ச்சல் தரையையும் தேடிப் போக நேர்கிறது.